உபதேசம்: ஒரு சொல்லின் ஏற்றமும் இறக்கமும்

ஆங்கிலப் புதினம் ஒன்றைத் தமிழாக்குவோர் ‘பிரீச்சி’ என்னும் பெயரடை எதிர்ப்படும்போது சற்றே திகைத்து நிற்பர். கேட்பவர் வேண்டாதிருக்கவும், சொல்பவர் தாமே ஒரு படி மேலேறி நின்று நீதி புகட்டி அலுப்பூட்டும் தன்மையை அச்சொல் ஒரே அடையில் அடக்கிவிடுகிறது. தமிழில் அதற்கு நிகரான பெயரடை இல்லை. ‘போதனைத் தொனியுள்ள’, ‘உபதேசத் தன்மை வாய்ந்த’ எனத் திறனாய்வாளர் ஆக்கிக்கொண்ட தொடர்கள் ஏட்டில் நிற்கின்றனவே அன்றி வாயில் ஏறவில்லை. இதனைக் கொண்டு, தமிழர் அறிவுரைக்கு அலுத்துக்கொள்ளாத பொறுமைசாலிகள் என்று எவரேனும் முடிவு கட்டுவாராயின், அவர் தமிழர் வீடொன்றில் அரைநாள் தங்கியிருந்து பார்த்தல் நன்று. ‘உபதேசம் பண்ண வந்துட்டாரு’ என்னும் முணுமுணுப்பு எந்தத் திசையிலிருந்தேனும் அவர் காதில் விழும்.

அலுப்பூட்டும் நீதிப்பேச்சைச் சுட்டத் தமிழ் தேர்ந்துகொண்ட இந்த ‘உபதேசம்’ என்னும் சொல், பிறப்பில் இழிவுடையதன்று. சமயத் துறையில் இதனினும் உயர்ந்த சொற்கள் சிலவே. குருவின் வாயிலிருந்து மாணாக்கன் செவிக்கு மட்டும் செல்லும் மறைமொழிக்குப் பெயராயிருந்தது, அழையாத வீட்டில் நுழைந்து அறம் பேசுவதற்குப் பெயராயிற்று. இம்மாற்றத்தைப் பொருளிழிபு என்னும் ஒரு தலைப்பின்கீழ் அடக்கிவிடுவது எளிது. ஆயின் சொல்லின் பொருள் உண்மையில் இழிந்துவிடவில்லை என்பதே என் கருத்து. ‘உபதேசம்’ இன்றும் கோயிலிலும் மடத்திலும் உயர்ந்த பொருளிலேயே வழங்குகிறது. மாறியவை சொல்பவர், கேட்பவர், இடம் ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவும், அச்சொல்லோடு சேரும் வினைகளுமே. இதனை உணராத மொழிபெயர்ப்பு, அன்றாடப் பேச்சை மட்டுமன்றிப் பழந்தமிழ்ச் செய்யுளையும் பிழைபடக் காட்டும்.

சொல்லின் பிறப்பிடம்

‘திச்’ என்னும் வடமொழி வேர் சுட்டுதல், காட்டுதல் என்னும் பொருளது. ‘உப’ என்னும் முன்னொட்டு அணிமையைக் குறிக்கும். எனவே, அருகிருந்து சுட்டிக்காட்டுதல் என்பதே சொல்லின் உறுப்புப்பொருள். இலக்கணிகளுக்கு இச்சொல் வேறொரு வகையிலும் பழக்கமானது. பாணினியின் அஷ்டாத்தியாயி (1.3.2) வேர்ச்சொல், விகுதி முதலிய உறுப்புகள் இலக்கண நூலில் முதன்முதல் ஓதப்படும் நிலையை ‘உபதேசம்’ என்னும் பெயரால் ஆளுகிறது. அங்கே நீதியும் இல்லை, குருவின் அருளும் இல்லை. ஓர் உறுப்பை அதன் மூலவடிவில் எடுத்துக்காட்டுதல் என்ற அளவே. சுட்டுதல் என்னும் வேர்ப்பொருள் கலப்பின்றி நிற்கும் இடம் அது.

தமிழ்ச் சமய நூல்களில் இச்சொல் பெற்ற இடம் பெரிது. திருமந்திரத்தின் முதல் தந்திரம் ‘உபதேசம்’ என்னும் பகுதியோடு தொடங்குகிறது. மணவாள மாமுனிகள் (1370–1443) தம் ஆசிரிய மரபைப் போற்றிப் பாடிய வெண்பா நூலுக்கு உபதேசரத்தினமாலை என்று பெயர். தந்தைக்கே பிரணவப் பொருளை உரைத்த முருகன் கதை சுவாமிமலைக்கு உரியது. அக்கதையில் ஒரு கூறு நம் ஆராய்ச்சிக்கு வேண்டியது. பொருளைக் கேட்க விரும்பிய தந்தை மகனுக்கு மாணாக்கனாகிறார். உபதேசத்தில் உயர்வு தாழ்வை வகுப்பது வயதோ உறவோ அன்று, கேட்கும் வேட்கையே என்பதை அக்கதை உருவாக்கிக் காட்டுகிறது. சிற்பிகளும் ஓவியர்களும் அக்காட்சியைப் படைக்கும்போது தந்தையைக் குனிந்து செவி கொடுப்பவராகவே அமைப்பர்.

ஆக, பழைய உபதேசத்திற்கு மூன்று வரம்புகள் இருந்தன. கேட்பவர் நாடி வரவேண்டும், தகுதி காட்டவேண்டும், சொல்வது பிறர் செவியில் விழலாகாது. மூன்றாம் வரம்பை மீறியதற்குப் புகழ்பெற்ற சான்று இராமானுசர் வரலாற்றில் உண்டு. திருக்கோட்டியூர் நம்பியிடம் பன்முறை நடந்து பெற்ற திருமந்திரப் பொருளை அவர் கோயில் மேலேறி ஊரார் அறிய வெளியிட்டார் என்பது பரவலாக வழங்கும் வரலாறு. சொல்லளவில் நோக்கின் இது ஊருக்குச் செய்த உபதேசமே. ஆயின் ‘ஊருக்கு உபதேசம்’ என்னும் தொடரை இன்று எவரும் அவரைப் போற்றுதற்கு ஆளமாட்டார். அது பாசாங்கைச் சுட்டும் வசையாக நிலைத்துவிட்டது. வரம்பு மீறியோர் இராமானுசரும் பாசாங்குக்காரருமாகிய இருவருமே. முன்னவர் அதற்காகத் தமக்கு நரகம் வரினும் ஏற்பதாகச் சொன்னார் என்பது கதை. பின்னவர் இழப்பது ஒன்றுமில்லை. சொல்பவருக்கு இடர் உண்டா இல்லையா என்னும் வேறுபாட்டை இங்கே குறித்து வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

கைப்பும் சலிப்பும்

நீதிப்பேச்சு கேட்பதற்கு இனிதன்று என்பதைப் பழந்தமிழர் நன்கறிந்திருந்தனர். தொல்காப்பியம் குறிக்கும் வாயுறை வாழ்த்து, செவியறிவுறூஉ ஆகிய இரண்டும் அறிவுரைக்குரிய துறைகள். வாயுறை வாழ்த்தை விளக்குமிடத்து அந்நூல் வேம்பை உவமையாகக் கொள்கிறது. கடுஞ்சொல்லை அடக்கி வைக்காமல் சொல்லுதலும், அது பின்னர்ப் பெரிதும் பயன் தருதலும் அங்கே கூறப்படுகின்றன. செவிக்குக் கைக்கும் சொல்லைப் பொறுக்கும் வேந்தனது பண்பைத் திருக்குறள் இறைமாட்சியில் பாராட்டுகிறது. திருக்குறளுக்கே ‘வாயுறை வாழ்த்து’ என்றொரு பெயரும் வழங்கிவந்தது.

இச்சொற்களின் உடலுறுப்புச் சார்பு கருதத்தக்கது. ஒன்று வாயை அடியாகக் கொண்டது. மற்றொன்று செவியை அடியாகக் கொண்டது. கைப்பு என்பது நாவின் அனுபவம். அது செவிக்கு ஏற்றப்படுகிறது. மருந்தின் உருவகம் முழுமையாக அமைந்திருக்கிறது. இன்றைய ‘உபதேச’ வசையில் இவ்வுருவகம் அறவே இல்லை. இன்று உபதேசம் கைப்பதில்லை, சலிக்கிறது. கைப்பு, சொல் உள்ளே சென்று தைத்ததற்கு அடையாளம். சலிப்போ அது உள்ளே செல்லவேயில்லை என்பதற்கு அடையாளம். இவ்விரு புலன்களையும் ஒன்றாகக் கருதுவதால் நேரும் கேடு சிறிதன்று.

புறநானூற்றின் 184-ஆம் பாட்டு பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பியை நோக்கிப் பாடியது; துறை செவியறிவுறூஉ. அறுத்த நெல்லைக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலத்தின் விளைவும் யானைக்குப் பல நாள் வரும். யானை தானே வயலில் புகுந்தால் வாய்க்குள் செல்வதைவிடக் காலடியில் அழிவது மிகுதி. வரி தண்டும் முறை பற்றிய பேச்சு இது. 35-ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் கிள்ளிவளவனிடம் உழுவோர் நிலையை எடுத்துரைக்கிறார்; அதுவும் செவியறிவுறூஉவே. பாட்டின் அடிக்குறிப்பு அவர் பழைய நிலத்துக்குரிய வரிக்கடனை நீக்கம் பெற்றதைக் கூறுகிறது. இவை நீதி பேசுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றை ஆங்கிலத்தில் ‘டைடாக்டிக்’ என்னும் அடை கொடுத்துப் பெயர்க்கும்போது என்ன நேர்கிறது? கோல் கொண்ட ஒருவன் முன்னிலையில், கோல் இல்லாத ஒருவர், தம் நன்மையையும் ஊராரின் நன்மையையும் பணயம் வைத்துப் பேசிய பேச்சு, மேடையிலிருந்து கீழ்நோக்கி வரும் பாடமாக மாறிவிடுகிறது. திசையே தலைகீழாகிறது. செவியறிவுறூஉ கீழிருந்து மேல்நோக்கிச் சென்ற சொல்.

‘டைடாக்டிக்’ என்பது கிரேக்கத்தில் கற்பித்தற்கு உரியது என்னும் பொருளுடைய நல்ல சொல்லே. ஐரோப்பிய இலக்கிய வரலாற்றில் அது வகைப்பெயராகவும் நின்றது. அதனோடு இழிவுப் பொருள் ஒட்டிக்கொண்டது பிற்காலத்தில். அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போ, 1850-இல் வெளிவந்த கவிதைக் கொள்கை பற்றிய கட்டுரையில், கவிதைக்கு நீதி புகட்டுவதே நோக்கம் என்னும் கொள்கையைச் சமயப் பிழைக்கு ஒப்பான பிழையாகச் சாடினார். ‘சென்டென்ஷியஸ்’ என்னும் மற்றோர் ஆங்கிலச் சொல்லின் கதி இன்னும் தெளிவானது. பொருட்செறிவுள்ள வாக்கு நிறைந்தது என்று பாராட்டிய சொல், நீதிவாக்கியங்களை அடுக்கிச் சலிப்பூட்டுவது என்று பழிக்கும் சொல்லாயிற்று. ‘உபதேசம்’ சென்ற வழியில் தொலைவில் ஒரு துணை!

நாம் இப்பெயர்களை இரவல் பெற்ற காலம் நல்லதன்று. பதினெண்கீழ்க்கணக்கின் அறநூல்களுக்கு இலக்கிய வரலாற்றாசிரியர் ‘நீதி இலக்கியம்’ என்னும் பொதுப்பெயரிட்டு, அப்பெயருக்கு நிகராக ஆங்கில அடையையும் ஏற்றபோது, அந்த அடை தன் இழிவுப் பொருளையும் கூடவே சுமந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் திறனாய்வில் ‘போதனை’, ‘பிரசாரம்’ ஆகிய இரண்டும் கலைக்குப் புறம்பானவற்றின் பெயர்களாக நின்றமைக்கு இது மட்டுமே காரணம் என்று நான் கூறவில்லை. க. நா. சுப்ரமண்யம் போன்றோர்க்கு அவ்வாறு கருதத் தத்தம் காலத்துக் காரணங்கள் இருந்தன. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தில் (1879) கதையை நிறுத்திவிட்டு வரும் நீண்ட நீதிப்பேச்சுகளைக் கண்டு பெருமூச்செறியாத வாசகரும் அரியர். அவர் அதற்கு இருபதாண்டுகட்கு முன்னரே நீதிநூல் (1859) இயற்றியவர் என்பதை நினைத்தால் அது வியப்புமன்று. ஆயினும் நாவலிடைச் செருகிய நீதிக்கும், அரசவையில் வரிநீக்கம் வேண்டிய நீதிக்கும் ஒரே பெயர் பொருந்துமா என்பது வேறு வினா.

வீடு தேடி வந்த உபதேசம்

உபதேசத்தின் முதல் வரம்பு, அதாவது கேட்பவர் நாடி வருதல், எப்போது தளர்ந்தது? ஒரு நாளையோ ஓர் ஆண்டையோ சுட்ட இயலாது. ஆனால் தடங்கள் உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி இராபர்ட் டி நொபிலி (1577–1656) தம் சமய விளக்க நூலுக்கு ஞானோபதேசம் என்று பெயர் வைத்தார். குருமொழிக்குரிய சொல் ஒரு சமயத்தின் வினாவிடைப் பாடத்துக்குப் பெயராயிற்று. பாடம் என்றால் எல்லோருக்கும் உரியது, மனப்பாடம் செய்யத்தக்கது. பின்னர் கிறித்தவத் திருச்சபைகளில் ‘உபதேசியார்’ என்னும் பணிப்பெயர் தோன்றியது. ஊர் ஊராகச் சென்று கற்பிப்பதும், கூட்டுவழிபாடு நடத்துவதும், பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதும் அவர் கடமை. நெல்லைச் சீமையில் எத்தனையோ குடும்பங்களின் முதற்கல்வி உபதேசியாரிடமிருந்தே வந்தது. எனவே இதனைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லாராய்ச்சிக்கு வேண்டுவது ஒன்றே: மாணாக்கன் குருவை நாடி நடந்த தொலைவை இப்போது உபதேசிப்பவர் நடக்கலானார்.

இக்காலத்தில் ‘பிரசங்கம்’ என்னும் சொல்லும் உடன் வளர்ந்தது. வடமொழியில் அது பற்று, தொடர்பு, நேர்ந்த சமயம் முதலிய பொருள்களை உடையது. இந்தியில் ‘பிரசங்’ என்றால் இன்றும் சூழல், சந்தர்ப்பம் என்பனவே பொருள். கன்னட யட்சகானத்தில் ஆடப்படும் கதைப்பகுதி ‘பிரசங்க’. தமிழில் அது கூட்டத்தில் ஆற்றும் உரை என்னும் பொருளை உறுதியாகப் பற்றிக்கொண்டதில் சீர்திருத்தக் கிறித்தவ ஊழியத்திற்குப் பங்குண்டு. ‘மலைப்பிரசங்கம்’ என்பது கிறித்தவரல்லாதாரும் அறிந்த தொடர். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர் (1822–1879), 1847-இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிதோறும் சைவப் பிரசங்கம் செய்யும் முறையைத் தொடங்கினார். எதிர்த்தரப்பின் வடிவத்தை எடுத்து அத்தரப்புக்கு எதிராக ஆண்டது அது. அறுபது ஆண்டுகள் கழித்து, சுதேசி இயக்கத்தின்போது, விபின் சந்திர பால் 1907-இல் சென்னையில் ஆற்றிய உரைகளும், 1908-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் ஆற்றிய உரைகளும் ‘பிரசங்கங்கள்’ என்றே பேசப்பட்டன. அரசு அஞ்சிய சொல் அது. சலித்த சொல் அன்று.

சலிப்பு ஏறியது எவ்வாறு? இங்கே தனித்தமிழ் முயற்சிக்கு எதிர்பாராத ஒரு பங்கு இருப்பதாகக் கருதுகிறேன். ‘சொற்பொழிவு’ பொதுமேடைக்கு வந்தபின் ‘பிரசங்கம்’ நடுநிலைப் பயன்பாட்டை இழந்தது. ‘அறிவுரை’ ஏட்டுத்தமிழில் வேரூன்றியபின் ‘உபதேசம்’ உலகியல் அறிவுரைக்குரிய நடுநிலைப் பயன்பாட்டை இழந்தது. இரட்டைகளாக நின்ற சொற்களில் ஒன்று பொதுப்பணியை ஏற்கும்போது மற்றொன்று இரு ஓரங்களுக்குத் தள்ளப்படுகிறது: ஒன்று திருமுறை ஓரம், மற்றொன்று ஏளன ஓரம். மலையாளத்திலும் தெலுங்கிலும் இத்தகைய மாற்றுச்சொல் பொதுமேடையைக் கைப்பற்றவில்லை. அங்கே ‘பிரசங்கம்’ இன்றும் குறையற்ற மேடைப்பேச்சே. இவ்வொப்புமை என் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

வினையில் தங்கிய ஏளனம்

இனிப் பேச்சுவழக்கிற்கு வருவோம். உயர்ந்த பொருளில் ‘உபதேசம்’ பெறு, கேள், அருள், செய் என்னும் வினைகளை ஏற்கும். இவற்றுள் முதலிரண்டில் கேட்பவரே எழுவாய். ஏளனப் பொருளில் வருவன பண்ணு, ஆரம்பி முதலியன. ஏளனப் பொருளில் கேட்பவர் எழுவாயாக வருவதேயில்லை. ‘அவன் மாமாவிடம் உபதேசம் பெற்றான்’ என்னும் தொடர் ஒன்று உண்மையான தீக்கையைக் குறிக்கும்; அல்லது எழுத்தாளர் வேண்டுமென்றே தூவிய நகைச்சுவையாகும். பெறுதல் என்பது விருப்பத்தைக் குறிப்பது, விரும்பாதவர் பெறுவதில்லை.

ஏளனத்தின் முழுப்பாரத்தையும் சுமப்பது துணைநிலையில் வரும் ‘வந்துவிடு’ என்னும் வினை. ‘உபதேசம் செய்ய வந்தார்’ என்பது வந்ததன் நோக்கத்தைச் சொல்லும். ‘உபதேசம் பண்ண வந்துட்டாரு’ என்பதில் வருகையே இல்லை. அதே வீட்டில் பிறந்து வளர்ந்து அன்று முழுதும் திண்ணையைவிட்டு எழாத தமையனைப் பார்த்தும் தங்கை இவ்வாறு கூறுவாள். அவள் குறிப்பது காலால் வந்த வருகையை அன்று. அழையாத இடத்தில் புகுந்ததை. ‘நியாயம் பேச வந்துட்டான்’, ‘எனக்குச் சொல்லிக் கொடுக்க வந்துட்டா’ என்பனவும் இவ்வமைப்பினவே. மற்றொரு கூறு மரியாதை விகுதி. வழக்கமாக ‘அவன்’ என்று சுட்டும் தம்பியை இவ்விடத்தில் மட்டும் ‘வந்துட்டாரு’ என உயர்த்திச் சொல்லுவர். அவன் தானே ஏறி நின்ற உயரத்தை விகுதியால் ஒப்புக்கொள்வது போல ஒப்புக்கொண்டு நகையாடுவது அது. இவற்றோடு, ‘உபதேசமாம், உபதேசம்!’ என இரட்டித்து ‘ஆம்’ சேர்த்துக் கூறும் முறையும் உண்டு. ‘பிரீச்சி’க்கு நிகரான பெயரடையைத் தேடித் தவிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கு என் விடை இதுதான்: தமிழில் அப்பொருள் பெயரடையில் இல்லை; வினைமுற்றில் இருக்கிறது.

அண்டைச் சொற்களோடு உள்ள எல்லையையும் குறிக்கவேண்டும். ‘ஆலோசனை’யில் இருவரும் ஒரே தளத்தில் அமர்ந்திருப்பர், ஏற்பதும் விடுவதும் கேட்பவர் விருப்பம். ‘புத்திமதி’ கேட்பவரிடம் பிழை உண்டு என்று கொண்டு, மூத்தவர் இளையவர்க்குச் சொல்லுவது. அதில் உரிமை உண்டு, உரிமையால் வரும் சினமும் உண்டு, ஆனால் போலி உயர்வு இல்லை. ‘அறிவுரை’ ஏட்டுச்சொல், தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் அமையும் குழுவையும் ‘அறிவுரைக் கழகம்’ என்றே தமிழில் வழங்குகிறோம், அங்கே நீதி புகட்டும் குறிப்பு எள்ளளவும் இல்லை. ‘அறுவை’ வெறும் சலிப்பு. அதற்கு அறம் வேண்டியதில்லை. தன் உடல்நலக் கதையைச் சொல்லியும் ஒருவர் அறுக்கலாம். ‘வேதாந்தம்’, ‘வியாக்கியானம்’, ‘புராணம்’ ஆகியனவும் பேச்சில் ஏளனத்துக்கு இழுத்துவரப்படுவன. ஆயின் ‘வேதாந்தம் பேசாதே’ என்பதில் செயலைத் தட்டிக்கழிக்கிறாய் என்பது குற்றச்சாட்டு. ‘புராணம்’ என்பதில் நீளமே குற்றம்.

இன்றைய நகரப் பேச்சில் ‘உபதேச’த்தின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது ‘அட்வைஸ்’ என்னும் இரவற்சொல். ஆங்கிலத்தில் வழக்கறிஞர் தருவதும் மருத்துவர் தருவதும் அப்பெயர்க்குரியனவே. அது கேட்டுப் பெறுவது. தமிழுக்குள் வந்தபின் ‘அட்வைஸ் பண்ணு’ என்பது பெரிதும் கேளாமல் சொல்வதையே சுட்டுகிறது. எனவே, ‘சும்மா அட்வைஸ் பண்ணாதே’ என்று ஒரு கதைமாந்தர் பேசும்போது, அச்சொல் ஆங்கிலமே என்ற துணிவில் அதனை அப்படியே ஆங்கிலத்தில் இட்டுப் பெயர்ப்பது பிழை. தமிழில் கன்றிப்போன சொல் ஆங்கிலத்தில் குற்றமற்றதாக நிற்கும். இரவற்சொல்லைத் திருப்பிக் கொடுக்கும்போது அது வாங்கிய நிலையில் இல்லை என்பதைப் பலர் நினைப்பதில்லை.

அயல்மொழிச் சான்றுகள்

‘ஊருக்குத்தான் உபதேசம், உனக்கும் எனக்கும் இல்லையடி’ என்னும் பழமொழியில் ‘அடி’ என்னும் விளி கேட்பவள் பெண் என்பதைக் காட்டுகிறது. அவள் யார் என்பதைத் தமிழ்ப் பழமொழி விளக்காமல் விடுகிறது. மராத்தியில் விடை கிடைக்கிறது. ‘புராணத்துக் கத்தரிக்காய் புராணத்திலேயே’ என்னும் பொருளுடைய பழமொழி அங்குண்டு. கத்தரிக்காய் உண்ணலாகாது என்று புராணிகர் ஊரார்முன் கதை சொல்கிறார். கூட்டத்திலிருந்து கேட்ட மனைவி வீட்டில் அதைச் சமைக்காமல் விடுகிறாள். உணவுக்கு அமர்ந்த புராணிகர் அந்தக் கத்தரிக்காய் வேறு, இந்தக் கத்தரிக்காய் வேறு என்கிறார். கன்னடத்திலும் ‘புராணத்துக் கத்தரிக்காய்’ வழங்குகிறது. நம் பழமொழியின் ‘அடி’ இத்தகைய ஓர் அடுக்களைக் காட்சியிலிருந்து வந்ததாகக் கொள்ள நல்ல இடமுண்டு.

தெலுங்கர் இவ்வகைப் பேச்சை ‘ஸ்ரீரங்க நீதுலு’ என்பர். திருவரங்கத்தின் பெயர் பாசாங்கு நீதிக்கு அடையானது நமக்குச் சற்றே உறுத்தலாக இருக்கலாம். அப்பழமொழியின் பின்பாதி ஒரு சமூகத்தாரை இழிவுபடுத்துவது. இதழ்களில் முன்பாதி மட்டும் தனித்து ஒரு தொகைச்சொல்லாக வழங்குதல் நல்லதே. மலையாளத்தில் கதையின் கடைசியில் வரும் நீதி ‘சாரோபதேசம்’. அதுவும் ஏளனமாகத் திரும்புகிறது.

இந்தியில் ‘உபதேச’த்தோடு சேரும் வினை ‘ஜாட்னா’, அதாவது தூசியை உதறுதல். உதறப்படுவது கேட்பவர் மேல் விழுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் வினையின் நயம் புலப்படும். பிறர்க்கு உபதேசிப்பதில் வல்லுநர் பலர் என்னும் கருத்துடைய பழமொழி துளசிதாசரின் இராமசரிதமானஸிலிருந்து வந்தது. அது அங்கே வரும் இடம் பலர் நினைவில் இல்லை. இலங்கா காண்டத்தில் மேகநாதன் மாண்டபின், அழும் மனைவியர்க்கு நிலையாமையை உபதேசிப்பவன் இராவணன். உபதேசம் மெய்யானது, உபதேசிப்பவன் பொய்யானவன் என்பதைக் கவி அங்கே சுட்டுகிறார். கைப்பு, சலிப்பு ஆகியவற்றின் வேறான மூன்றாவது குற்றச்சாட்டு இது: பாசாங்கு. மேற்கண்ட பழமொழிகளில் பெரும்பாலானவை இம்மூன்றாவதையே சாடுகின்றன. உபதேசம் நீண்டுவிட்டது என்று எந்தப் பழமொழியும் அழுத்திக் குறைகூறவில்லை. விடிய விடிய இராமாயணம் கேட்டுச் சீதைக்கு இராமன் சித்தப்பா என்ற பழமொழியும் கதை கேட்டவனைத்தான் கேலி செய்கிறது. சலிப்பு நம் பழமொழிகளுக்குப் பிந்திய குற்றச்சாட்டு எனலாம்.

அதிகப்பிரசங்கி

நான்கு தென்மொழிகளுக்கும் பொதுவான ஒரு சொல்லை இறுதியில் வைத்திருக்கிறேன். தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கிலும் ‘அதிகப்பிரசங்கம்’, ‘அதிகப்பிரசங்கி’ என்பன சிற்றெழுத்து வேறுபாடுகளோடு வழங்குகின்றன. இந்தியில் இவ்வழக்கில்லை. வடமொழித் தருக்க நூல்களில் ‘அதிபிரசங்கம்’ என்னும் கலைச்சொல் உண்டு. ஒரு விதி தன் எல்லையைக் கடந்து பொருந்தாத இடத்தும் பாய்வதற்கு அது பெயர். தென்னாட்டுச் சொல்லின் உள்ளேயும் எல்லை கடத்தல் என்னும் இக்கருத்தே நிற்கிறது. சொற்பெருக்கம் மட்டும் அன்று.

‘உபதேசம் பண்ணுகிறார்’ என்பதையும் ‘அதிகப்பிரசங்கி’ என்பதையும் ஆங்கில இருமொழி அகராதிகள் வெவ்வேறு பக்கங்களில் தொடர்பின்றிக் கொடுத்துவிட்டுப் போகும். தமிழ் வீட்டில் இவை ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கும் சொற்கள். முன்னது இளையவர் மூத்தவரைப் பற்றி, பெரும்பாலும் அவர் காதில் விழாதபடி, சொல்வது. பின்னது மூத்தவர் இளையவரை முகத்துக்கு நேரே சொல்வது. அறம் பேசிய மூத்தவர் உபதேசி. அதே அறத்தைத் திருப்பிக் கேட்ட சிறுவன் அதிகப்பிரசங்கி. எந்தச் சொல்லை யார் யாரிடம் ஆளலாம் என்பதை அகராதி குறிக்காவிட்டால் மொழிபெயர்ப்பாளர் உறவு முறையையே மாற்றி எழுதிவிடுவார்.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் வாழ்வின் வெறுமையைப் பேசும் ஒரு நூலுக்குச் சீர்திருத்தக் கிறித்தவர் கையிலுள்ள தமிழ்ப் பதிப்பில் ‘பிரசங்கி’ என்றே பெயர். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் அதனைச் ‘சபை உரையாளர்’ என்றும், மலைப்பிரசங்கத்தை ‘மலைப்பொழிவு’ என்றும் மாற்றிக்கொண்டது. இம்மாற்றத்துக்குத் தூய தமிழ் நாட்டமே காரணமாக இருக்கலாம். ஆயினும், ஞாயிறு காலையில் பிரசங்கியின் புத்தகத்தை வாசித்துவிட்டு, நண்பகல் உணவின்போது குறுக்கே பேசிய மகனை ‘அதிகப்பிரசங்கி’ என்று அதட்டும் தந்தைக்கு இவ்விரு சொற்களும் ஒருபோதும் மோதிக்கொண்டதில்லை.